பெயரும் நஞ்சும்: காலரா நச்சு மரபணுக்களைக் கண்டறிதலும் ஒப்பிடுதலும் (1992 சென்னைப் பரவலை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

உணவு வழியாகவும் நீர் வழியாகவும் பரவும் பாக்டீரியாக்களை ஆய்வகங்கள் நெடுங்காலமாகப் பெயரிட்டு வகைப்படுத்தி வந்துள்ளன. அப்பெயர் பெரும்பாலும் நுண்ணுயிரின் மேற்பரப்பு அடையாளத்தைச் சார்ந்தது. நோயை விளைவிக்கும் நஞ்சைச் சார்ந்ததன்று. 1992இல் சென்னையில் தோன்றிய காலரா பரவல் இவ்விரண்டும் தனித்தனியே மாறக்கூடியவை என்பதை வெளிப்படுத்தியது. அந்நிகழ்வை மையமாகக் கொண்டு, காலரா நச்சு மரபணுக்களைக் கண்டறியும் முறையையும், அவற்றின் வடிவ வேறுபாடுகளை ஒப்பிடும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒப்பீட்டின் தருக்கம் சுவடிப் பதிப்பில் பாடவேறுபாடுகளை ஆராயும் தருக்கத்தோடு எவ்விடத்தில் ஒத்தும் எவ்விடத்தில் வேறுபட்டும் அமைகிறது என்பதும், இம்முறை மஞ்சக்குட்டை போன்ற மலைச்சிற்றூர்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: காலரா, நச்சு மரபணு, வாந்திபேதி, ஊநீர்க்குழு, பாடவேறுபாடு, மரபணு ஒப்பீடு, சேர்வராயன் மலை.

1. முன்னுரை

உண்ட உணவே நோய்க்குக் காரணமாகும்போது இரண்டு வினாக்கள் எழுகின்றன. உணவில் இருந்த நுண்ணுயிர் எது என்பது முதல் வினா. அந்நுண்ணுயிரிடம் நஞ்சை உண்டாக்கும் ஆற்றல் உண்டா என்பது இரண்டாம் வினா. முதல் வினாவுக்கு விடை கிடைத்தால் இரண்டாம் வினாவுக்கும் விடை கிடைத்ததாகக் கொள்வது ஆய்வகங்களின் நீண்டகால வழக்கம். இன்ன பெயருடைய பாக்டீரியா இன்ன நோயைத் தரும் என்னும் நம்பிக்கையே அவ்வழக்கிற்கு அடிப்படை.

இந்நம்பிக்கை எல்லா இடத்தும் பொருந்துவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். நுண்ணுயிரின் பெயர் மாறியபின்னும் நஞ்சு மாறாதிருக்கலாம். பெயர் மாறாதிருக்க நஞ்சு மாறலாம். இவ்விரு நிலைகளுக்கும் இந்தியாவிலேயே, அதிலும் முதல் நிலைக்குத் தமிழகத்திலேயே, தெளிவான சான்று உள்ளது. உணவுவழி நோய்களுள் காலரா ஒன்றே இங்கு விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிற நச்சு மரபணுக்கள் ஒப்புமைக்காக மட்டும் சுட்டப்படுகின்றன. விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை ஆகிய இரண்டும் ஆய்வு அணுகுமுறைகளாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2. நோய்ப்பெயரும் நுண்ணுயிர்ப்பெயரும்

தமிழில் இந்நோய்க்குப் பரவலாக வழங்கும் பெயர் வாந்திபேதி. வாந்தியும் பேதியும் எனப் பொருள்படும் இவ்வும்மைத்தொகை, நோயாளியின் உடலில் காணப்படுவதை அப்படியே சொல்கிறது. காரணத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஈழத்தமிழில் கோதாரி என்னும் சொல் இந்நோயைக் குறித்துப் பின்னர் வசைச்சொல்லாகவும் நிலைபெற்றுள்ளது. ஊரையே அழித்த நோயின் அச்சம் அச்சொல்லில் தங்கியிருக்கிறது.

நோய்க்காரணியின் பெயர் விப்ரியோ காலரே. இதன் செல்லின் புறப்பரப்பில் சர்க்கரைக் கூறுகளாலான ஓர் ஆன்டிஜென் உள்ளது. அதற்கு எதிராக விலங்கில் உண்டாக்கப்பட்ட ஊநீரைச் சேர்த்தால், பொருத்தமான பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். எந்த ஊநீரில் திரள்கிறதோ அந்த எண்ணால் அதன் ஊநீர்க்குழு குறிக்கப்படும். 1992 வரை பெருங்கொள்ளை நோயை விளைவிப்பது ஓ1 என்னும் ஒரே குழு எனக் கருதப்பட்டது. அவ்வூநீரில் திரளாதவை அனைத்தும் ‘ஓ1 அல்லாதவை’ என ஒதுக்கப்பட்டன. அவை ஆங்காங்கே சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும், கொள்ளை நோயாகப் பரவா என்பது அன்றைய பாடநூல் கருத்து.

ஆகவே மக்கள் வழக்குப்பெயர் நோய்க்குறியைப் பற்றி நின்றது. ஆய்வகப்பெயர் புறத்தோற்றத்தைப் பற்றி நின்றது. இரண்டையும் இணைக்கும் நஞ்சு இரு பெயர்களிலும் இடம்பெறவில்லை.

இங்குச் சொல் வடிவம் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. தனித்து நிற்கும்போது ‘நஞ்சு’ என்றும், மற்றொரு சொல்லோடு புணரும்போது ‘நச்சு’ என்றும் இக்கட்டுரையில் வழங்கப்படுகிறது. மருந்து மருத்துப்பை ஆவதுபோல மென்றொடர் வன்றொடராகும் இம்மாற்றம் தமிழ் மரபுக்கு இயல்பானது. நச்சு மரபணு என்பது நஞ்சை ஆக்குதற்குரிய மரபணு எனவே பொருள்படும். மரபணு தானே நஞ்சாவதில்லை. இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளில் முதன்மை பெறுகிறது.

3. நஞ்சு கண்டறியப்பட்ட வரலாறு

1883இல் எகிப்திலும் அடுத்த ஆண்டு கல்கத்தாவிலும் ஆய்வு செய்த இராபர்ட் காக், காலராவின் காரணியைத் தனித்துப் பிரித்தெடுத்தார். அது ஒரு நஞ்சைச் சுரந்தே நோயை விளைவிக்க வேண்டும் எனவும் அவர் கருதினார். எனினும் அந்நஞ்சை மெய்ப்பிக்க முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

மெய்ப்பித்தவர் கல்கத்தாவில் பணியாற்றிய நோயியல் அறிஞர் சம்பு நாத் தே. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதனுள் காலரா கிருமியைச் செலுத்தி, நீர் சுரப்பதை அளக்கும் சோதனைமுறையை அவர் முன்னரே உருவாக்கியிருந்தார். பின்னர்க் கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, உயிருள்ள பாக்டீரியா ஏதுமற்ற வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடலில் நீர் நிரம்பியது. கிருமியின் உடல் இல்லாமலேயே நோயின் விளைவு தோன்றியதால், கிருமி வெளிவிட்ட ஒரு பொருளே காரணம் என்பது உறுதியாயிற்று. 1959இல் நேச்சர் இதழில் இம்முடிவு வெளிவந்தது. 1969இல் பிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலுட்டோவும் அந்நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர்.

சம்பு நாத் தேயின் சோதனை, கிருமியையும் நஞ்சையும் கருத்தளவில் முதன்முறையாகப் பிரித்து நிறுத்தியது. 1992இல் ஆய்வகங்கள் எதிர்கொண்ட சிக்கலுக்கான திறவுகோல் இப்பிரிப்பிலேயே இருந்தது.

4. நஞ்சின் அமைப்பும் செயலும்

காலரா நஞ்சு இருவகைக் கூறுகளால் ஆன புரதம். ஏ என்னும் கூறு ஒன்று. பி என்னும் கூறுகள் ஐந்து. பி கூறுகள் ஐந்தும் வளையமாக அமைந்து, சிறுகுடல் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஜிஎம்1 என்னும் கொழுப்புச்சர்க்கரைப் பொருளைப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய பின் ஏ கூறு செல்லினுள் சென்று, செல்லின் செய்திக் கடத்தலில் ஈடுபடும் ஒரு புரதத்தை அணையாத நிலையில் நிறுத்திவிடுகிறது. விளைவாகச் செல்லினுள் சுழல் ஏஎம்பி பெருகுகிறது, குளோரைடு வெளியேறுகிறது, உப்பும் நீரும் அதைத் தொடர்கின்றன. இதுவே கஞ்சி வடித்த நீர்போன்ற பேதி.

சர்க்கரையோடு சேர்ந்து சோடியம் உட்கவரப்படும் வழியை இந்நஞ்சு தடுப்பதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் உயிர் காப்பதற்கு இதுவே காரணம். நோயாளிக்கு அளிக்க வேண்டிய முதற்சிகிச்சை எந்த மரபணு முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் இதனால் பெறப்படும். மரபணு ஆய்வு, நோய் எங்கிருந்து வந்தது, எங்குச் செல்லக்கூடும் என்பதை அறிவதற்கு உரியது.

இரு கூறுகளுக்கும் உரிய மரபணுக்கள் சிடிஎக்ஸ்ஏ, சிடிஎக்ஸ்பி எனக் குறிக்கப்படுகின்றன. இவை அடுத்தடுத்து அமைந்து ஒன்றாகவே இயங்குகின்றன. இம்மரபணுக்கள் காலரா கிருமிக்குத் தொன்றுதொட்டு உரியவை அல்ல. பாக்டீரியாவைத் தாக்கும் வைரசான ஒரு பாக்டீரியோபேஜின் உடைமை என்பதை 1996இல் வால்டரும் மெக்கலனோசும் கண்டறிந்தனர். அவ்வைரசு பாக்டீரியாவினுள் நுழைந்து அதன் குரோமோசோமில் தன்னைப் பொருத்திக்கொள்கிறது. நஞ்சற்ற ஒரு விப்ரியோ இதனால் நஞ்சுடையதாகலாம். ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் விப்ரியோ காலரேயில் பெரும்பாலானவற்றுக்கு இம்மரபணு இல்லை என்பதும் இங்குக் கருதத்தக்கது.

இதனால் நான்கு நிலைகள் உண்டாகின்றன: ஓ1 பெயரும் நச்சு மரபணுவும் உடையவை, ஓ1 பெயர் இருந்தும் நச்சு மரபணு அற்றவை, ஓ1 பெயரின்றி நச்சு மரபணு உடையவை, இரண்டும் அற்றவை. ஊநீர்ச் சோதனை மட்டும் செய்யும் ஆய்வகம் இந்நான்கையும் இரண்டாகச் சுருக்கிவிடும்.

5. சென்னை, 1992: பெயர் மாறியது, நஞ்சு மாறவில்லை

1992 அக்டோபரில் சென்னையில் காலராவை ஒத்த கடும் பேதி பரவியது. நோயாளிகளின் மலத்திலிருந்து விப்ரியோ காலரே வளர்ந்தது; ஆனால் ஓ1 ஊநீரில் அது திரளவில்லை. அன்றைய வகைப்பாட்டின்படி அது கொள்ளை நோய்க்கு உரியதன்று. நோயோ கொள்ளை நோயாகவே பரவியது. சென்னையைத் தொடர்ந்து வேலூரிலும் மதுரையிலும் இவ்வகை காணப்பட்டது. ஆண்டு முடிவதற்குள் கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. கொல்கத்தாவிலுள்ள தேசியக் காலரா மற்றும் குடல்நோய் ஆய்வு நிறுவனத்தினர் உள்ளிட்டோர் 1993இல் லான்செட் இதழில் இப்புதிய வகையைப் பற்றி அறிவித்தனர்.

அதுவரை 138 ஊநீர்க்குழுக்கள் அறியப்பட்டிருந்தன. இக்கிருமி அவற்றுள் எதனோடும் பொருந்தாமையால் ஓ139 என்னும் புதிய எண்ணும், வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த பகுதியில் தோன்றியமையால் ‘பெங்கால்’ என்னும் பெயரும் பெற்றது. சென்னையில் பிரித்தெடுக்கப்பட்ட எம்ஓ45 என்னும் வகை, உலக ஆய்வகங்களில் ஓ139க்கு மேற்கோள் வகையாக இன்றும் விளங்குகிறது.

மரபணுவை ஆராய்ந்தபோது உண்மை தெளிவாயிற்று. ஓ139 முற்றிலும் புதிய உயிரியன்று. 1961இல் இந்தோனேசியாவில் தொடங்கி 1964இல் இந்தியாவை அடைந்த ஏழாம் உலகப் பரவலுக்குக் காரணமான எல் டார் வகையின் வழித்தோன்றலே. அதன் ஓ1 ஆன்டிஜெனை ஆக்கும் மரபணுத் தொகுதி நீங்கி, அவ்விடத்தில் பிறிதொரு விப்ரியோவிலிருந்து பெற்ற தொகுதி அமர்ந்திருந்தது. அத்துடன் ஒரு மேலுறையும் அதற்கு வாய்த்தது. நச்சு மரபணுக்கள் எல் டார் வகையின் மரபணுக்களாகவே நின்றன.

இம்மாற்றத்தின் விளைவு மக்களின் உடலில் வெளிப்பட்டது. ஓ1 காலராவுக்குப் பலமுறை ஆட்பட்ட ஊர்களில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுவர். ஓ139 பரவலில் பெரியவர்களே மிகுதியாக நோயுற்றனர். பழைய எதிர்ப்பாற்றல் புறத்தோற்றத்தை அடையாளம் கண்டு தாக்குவது. புறத்தோற்றம் மாறியபின் அது கைகொடுக்கவில்லை. ஆகவே பெயர் பொருளற்றது எனத் தள்ளிவிடவும் இயலாது. பெயர், யார் பாதிக்கப்படுவர் என்பதைச் சொல்கிறது. நச்சு மரபணு, நோயின் தன்மை எத்தகையது என்பதைச் சொல்கிறது. இரண்டையும் ஒருசேர அறிதல் வேண்டும்.

6. கண்டறியும் முறை

உணவிலோ நீரிலோ உள்ள விப்ரியோக்கள் மிகச் சிலவாக இருக்கலாம். எனவே முதற்படி அவற்றைப் பெருக்குதல். காரத்தன்மையுடைய பெப்டோன் நீரில் மாதிரியை இட்டு 6 முதல் 8 மணி நேரம் வைத்தால், காரத்தைத் தாங்கும் விப்ரியோக்கள் பிறவற்றினும் விரைந்து பெருகும். பின்னர் டிசிபிஎஸ் என்னும் வளர்தட்டில் அவை மஞ்சள் நிறக் கூட்டங்களாகத் தோன்றும். இவ்வளர்ப்பிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்துப் பாலிமரேசு தொடர்வினைக்கு உட்படுத்துவது அடுத்த படி.

பாலிமரேசு தொடர்வினையில் டிஎன்ஏவின் இரு இழைகளும் ஏறத்தாழ 95 பாகை வெப்பத்தில் பிரிக்கப்படும். தேடப்படும் மரபணுவின் இரு முனைகளுக்கும் பொருந்தும்படி செய்யப்பட்ட சிறு தொடக்க இழைகள், வெப்பம் தணிந்ததும் அவ்விடங்களில் ஒட்டும். 72 பாகையில் நொதி புதிய இழையை வளர்க்கும். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிக்கும். 30 சுற்றுகளில் ஒரு துண்டு, குறைவின்றிப் பெருகினால், 107 கோடிக்கும் மேற்பட்ட படிகளாகும். தேடிய மரபணு இல்லையெனில் தொடக்க இழைகள் ஒட்டுவதற்கு இடமில்லை; பெருக்கமும் இல்லை.

பெயரையும் நஞ்சையும் ஒரே குழாயில் அறியும் முறை 1998இல் வெளிவந்தது. ஹோஷினோ குழுவினர் மூன்று இணைத் தொடக்க இழைகளை ஒன்றாகப் பயன்படுத்தினர். ஓ1 ஆன்டிஜென் மரபணுவாயின் 192 கார இணை நீளமுள்ள துண்டும், ஓ139 ஆயின் 449 நீளமுள்ள துண்டும், நச்சு மரபணு சிடிஎக்ஸ்ஏ இருப்பின் 308 நீளமுள்ள துண்டும் தோன்றும். களிப்பாளத்தில் மின்புலம் செலுத்தினால் இத்துண்டுகள் நீளத்திற்கேற்பத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். முன்கூறிய நான்கு நிலைகளும் இங்கு ஒரே பார்வையில் வேறுபடுகின்றன: 449உம் 308உம் சேர்ந்து தோன்றின் சென்னையில் கண்ட வகை, 192 மட்டும் தோன்றின் பெயருண்டு, நஞ்சில்லை, 308 மட்டும் தோன்றின் அறியப்பட்ட இரு பெயர்களும் அற்ற ஒன்று நஞ்சைத் தாங்கி நிற்கிறது. மூன்றாம் நிலையே மிகுந்த கவனத்திற்குரியது. 1992 அக்டோபரில் சென்னை எதிர்கொண்டது அத்தகைய நிலையே.

இம்முறையின் வரம்புகள் மூன்று. ஒன்று, இறந்த கிருமியின் டிஎன்ஏவும் பெருகும். ஆதலின் மரபணு கண்டறியப்பட்டமையாலேயே உயிருள்ள கிருமி உண்டெனக் கூறவியலாது. பெருக்குநீரில் வளர்த்த பின் சோதிப்பது இக்குறையைக் குறைக்கும். இரண்டு, உணவிலுள்ள கொழுப்பு, மசாலாப் பொருள்களின் பாலிபீனால்கள், பாலின் கால்சியம் ஆகியவை நொதியைத் தடுக்கலாம். அப்போது மரபணு இருந்தும் இல்லையென முடிவு வரும். இதைத் தவிர்க்க, எப்போதும் பெருக வேண்டிய ஒரு கட்டுப்பாட்டு டிஎன்ஏவை உடன்சேர்ப்பர். மூன்று, மரபணு இருப்பது நஞ்சு ஆக்கப்படுவதற்குச் சான்றாகாது. எல் டார் வகை, வழக்கமான வளர்நீரில் மிகக் குறைந்த நஞ்சையே ஆக்கும். தனிப்பட்ட சூழலை அமைத்தால்தான் மிகுதியாக ஆக்கும். எனவே வளர்நீரில் நஞ்சு காணப்படாமை மரபணு இன்மைக்கும் சான்றாகாது. மரபணு ஆற்றலைக் காட்டும். நஞ்சு செயலைக் காட்டும்.

7. ஒப்பிடும் முறை: பெயர் மாறவில்லை, நஞ்சு மாறியது

மரபணு உண்டா, இல்லையா என்பதோடு ஆய்வு நிறைவடைவதில்லை. ஒரே மரபணு பல வடிவங்களில் வழங்குகிறது. சிடிஎக்ஸ்பி மரபணு 375 எழுத்துகளாலானது; அது 124 அமினோ அமிலங்களைக் குறிக்கிறது. முதல் 21 அமினோ அமிலங்கள் புரதத்தை வெளியேற்றுவதற்கான வழிகாட்டிப் பகுதி. வெளியேறும்போது அது நறுக்கப்பட்டு, எஞ்சிய 103 அமினோ அமிலங்களே முதிர்ந்த பி கூறாகின்றன. மூன்று முதன்மையான வடிவங்களும் மூன்று இடங்களில் வேறுபடுகின்றன.

பி1 (செவ்வியல் வடிவம்): 58ஆம் எழுத்து சைட்டோசின், 115ஆம் எழுத்து சைட்டோசின், 203ஆம் எழுத்து சைட்டோசின். இவற்றிற்குரிய 20, 39, 68ஆம் இடங்களில் முறையே ஹிஸ்டிடின், ஹிஸ்டிடின், திரியோனின்.

பி3 (எல் டார் வடிவம்): அதே இடங்களில் சைட்டோசின், தைமின், தைமின். அமினோ அமிலங்கள் ஹிஸ்டிடின், டைரோசின், ஐசோலூசின்.

பி7 (பிந்திய வடிவம்): அடினின், சைட்டோசின், சைட்டோசின். அமினோ அமிலங்கள் அஸ்பராஜின், ஹிஸ்டிடின், திரியோனின்.

ஓர் எழுத்து வேறுபாட்டை அறிய, முழு மரபணுவின் எழுத்து வரிசையைப் படிப்பது சிறந்த வழி. அவ்வசதி இல்லாத இடத்தில், தொடக்க இழையின் இறுதி எழுத்து வேறுபாட்டு இடத்திலேயே அமையுமாறு செய்து தொடர்வினையை நிகழ்த்தலாம். இறுதி எழுத்து பொருந்தினால் மட்டுமே நொதி இழையை வளர்க்கும், பொருந்தாவிடின் வளர்க்காது.

இவ்வகை ஒப்பீடு எதிர்பாராத ஒன்றை வெளிக்கொணர்ந்தது. ஏழாம் பரவலின் எல் டார் வகை பி3 வடிவத்தை உடையது. 2001 முதல் வங்கதேசத்தில் பிரித்தெடுக்கப்பட்ட எல் டார் வகைகள் செவ்வியல் வகையின் நஞ்சை ஆக்குவதை நாயர் குழுவினர் 2006இல் அறிவித்தனர். சேமிப்பிலிருந்த பழைய வகைகளை ஆராய்ந்தபோது, கொல்கத்தாவில் இம்மாற்றம் 1990களிலேயே நிகழ்ந்துவிட்டது தெரியவந்தது. ஊநீர்க்குழு ஓ1, உயிர்வகை எல் டார், பெயரில் எம்மாற்றமும் இல்லை. நச்சு மரபணு மட்டும் பி3இலிருந்து பி1 வடிவத்திற்கு மாறியிருந்தது. ஊநீர்ச் சோதனை மட்டும் செய்த ஆய்வகங்களுக்கு இது புலப்பட வழியில்லை.

2006இல் கொல்கத்தாவில் பி7 வடிவம் தோன்றியது. 2010 அக்டோபரில் எயித்தியில் காலரா பரவி, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பேரைத் தாக்கியபோது, அங்குப் பிரித்தெடுக்கப்பட்ட கிருமியும் பி7 வடிவத்தையே கொண்டிருந்தது. தென்னாசியாவோடு அதற்குள்ள உறவை இவ்வடிவம் சுட்டியது. நேபாளத்தோடு உள்ள நெருங்கிய உறவை நிறுவியதோ முழு மரபணுத்தொகை ஒப்பீடு. ஒரு மரபணுவின் ஒப்பீடு திசையைக் காட்டும். இடத்தை உறுதிசெய்ய முழுத்தொகை தேவை என்பதற்கு இது சான்று.

8. பாட ஒப்பீட்டோடு உள்ள ஒப்புமையும் வேற்றுமையும்

உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தபோது, பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் கண்டார். சுவடிகளுக்கிடையே உறவு காணும் ஆய்வில் ஓர் அடிப்படை உண்டு: சரியான பாடம் பல சுவடிகளில் ஒத்திருப்பது உறவைக் காட்டாது, ஒரே பிழை இரண்டு சுவடிகளில் காணப்படின், அவை ஒரு மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. மரபணு ஒப்பீடும் இத்தருக்கத்தையே கைக்கொள்கிறது. மாறாத எழுத்துகள் உறவை உணர்த்துவதில்லை. பகிர்ந்துகொண்ட மாற்றமே உறவை உணர்த்துகிறது.

பி7 வடிவத்தின் 20ஆம் இட மாற்றம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்விடம் நறுக்கப்பட்டு நீங்கும் வழிகாட்டிப் பகுதியைச் சேர்ந்தது; முதிர்ந்த நஞ்சில் அது இடம்பெறுவதே இல்லை. ஆயின் வழிவழியாக வருவதால் கால்வழியை அறிவதற்கு அது பெருந்துணையாகிறது. பொருளை மாற்றாத எழுத்துப்பிழை, சுவடிகளின் உறவை அறியப் பெரிதும் பயன்படுவதை இதனோடு ஒப்பிடலாம்.

வேற்றுமையும் கருதத்தக்கது. ஒரு சுவடி ஒரே மூலத்திலிருந்து படியெடுக்கப்பட்டதெனில் கால்வழி மரம் எளிதில் அமையும். படியெடுத்தவர் இரண்டு மூலங்களை வைத்து ஒப்பிட்டு எழுதியிருப்பின் மரம் குழம்பும். பாக்டீரியாக்களில் இக்குழப்பம் இயல்பாக நிகழ்வது. நச்சு மரபணு வைரசின் வழியே வருவதால், நஞ்சின் கால்வழியும் நஞ்சைத் தாங்கும் உயிரின் கால்வழியும் வேறுபடலாம். ஓ139இல் ஆன்டிஜென் தொகுதி வெளியிலிருந்து வந்தது. பிந்திய எல் டார் வகையில் நச்சு மரபணு வேற்று வடிவம் பெற்றது. ஆகவே எந்த ஒரு பகுதியையும் மட்டும் ஒப்பிட்டு முழு உயிரின் வரலாற்றை எழுதுதல் பிழையாகும். 2011இல் முட்ரேஜா குழுவினர் நேச்சர் இதழில் வெளியிட்ட முழுத்தொகை ஒப்பீடு, ஏழாம் பரவலின் வகைகள் அனைத்தும் ஒரே மூலத்தின் வழியினவென்றும், வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து அலை அலையாகப் பரவியவையென்றும் காட்டியது.

9. பிற உணவுவழி நச்சு மரபணுக்கள்

காலராவில் கண்ட இயல்பு பிறவற்றிலும் காணப்படுகிறது. பயணிகளுக்குப் பேதியைத் தரும் ஒருவகை ஈ. கோலை பாக்டீரியாவின் வெப்பம் தாங்கா நஞ்சு, அமினோ அமில வரிசையில் காலரா நஞ்சோடு ஏறத்தாழ 80 விழுக்காடு ஒத்தது. அதன் மரபணு பிளாஸ்மிட்டில் உள்ளது. எனவே காலரா நஞ்சுக்குரிய தொடக்க இழைகள் இரண்டும் வேறுபடும் இடங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். குருதிப்பேதியைத் தரும் ஈ. கோலையின் சிகா நச்சு மரபணுக்களும், ஸ்டெபைலோகாக்கசின் ஏ வகைக் குடல்நஞ்சு மரபணுவும் பாக்டீரியோபேஜ்களால் சுமக்கப்படுகின்றன.

ஒரு வேறுபாடு நடைமுறைக்கு முதன்மையானது. காலரா நஞ்சு, கிருமி குடலை அடைந்த பின் அங்கு ஆக்கப்படுகிறது. உணவை நன்கு சூடாக்கினால் கிருமி அழிந்து ஆபத்து நீங்கும். வடித்து நெடுநேரம் வைத்த சோற்றில் பேசில்லஸ் செரியசு ஆக்கும் செரூலைடு என்னும் வாந்தி நஞ்சோ உணவிலேயே ஆக்கப்படுகிறது. மீண்டும் சூடாக்கினாலும் அது சிதைவதில்லை. கிருமி இறந்து நஞ்சு எஞ்சிய அத்தகைய உணவில், மரபணுச் சோதனையோடு நஞ்சையே நேரடியாக அளக்கும் வேதியியல் சோதனையும் வேண்டும்.

10. மலைச்சிற்றூருக்குப் பொருத்திக் காணல்

சென்னை, வேலூர், கொல்கத்தா ஆகிய நகரங்களில் ஆய்வகங்கள் அருகிலிருந்தமையால் ஓ139 விரைவில் அறியப்பட்டது. ஆய்வகத்திற்குத் தொலைவிலுள்ள ஊரின் நிலை வேறு. சேர்வராயன் மலையில் ஏற்காடு ஒன்றியத்தைச் சேர்ந்த மஞ்சக்குட்டையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு ஒரு திருமண விருந்துக்குப் பின் பலர் பேதியுற்றதாகக் கருதுவோம். உணவு, குடிநீர், மலம் ஆகியவற்றின் மாதிரிகள் ஆய்வகமுள்ள சேலத்தை அடைய வேண்டும். ஏற்காட்டுச் சாலையில் மட்டும் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன.

இங்கு மூன்று செய்திகள் பயன்படும். முதலாவது, மலத்தைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, கேரி பிளேர் என்னும் கடத்து ஊடகத்தில் இட்டால் விப்ரியோக்கள் குளிரூட்டலின்றியே பல நாள் உயிருடன் இருக்கும். பனிக்கட்டி கிடைக்கவில்லை எனக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது, உணவு மாதிரிகளுள் முன்னுரிமை அளிக்கத்தக்கது எது என்பது. புளிப்பற்ற ஈரமான வெந்த உணவுகளில், குறிப்பாக வெறும் சோற்றில், விப்ரியோ நன்கு வளரும். புளி, எலுமிச்சை, தயிர் ஆகியவற்றின் அமிலம் அதன் வளர்ச்சியைத் தடுக்கும். எனவே புளிக்குழம்பினும் எஞ்சிய சோறும் குடிநீரும் முதலில் எடுக்கப்பட வேண்டும். மூன்றாவது, ஆய்வகம் ஓ1 ஊநீரில் திரளவில்லை என்னும் விடையோடு நின்றுவிடாமல் நச்சு மரபணுவையும் தேடுமாறு கோரப்பட வேண்டும். எதிர்மறை விடையைக் கேட்டு ஊர் மக்கள் அதே ஊற்றின் நீரை மீண்டும் பருகத் தொடங்கினால், பெயர்ப்பிழையின் விலையை உயிரால் செலுத்த நேரும்.

சேவை வழங்கும் நலப்பணியாளர்க்கு இக்கருத்துகள் தமிழில் கிடைத்தல் வேண்டும். ‘காலரா இல்லை’ என்னும் முடிவுக்கும், ‘ஓ1 இல்லை, நச்சு மரபணு உண்டு’ என்னும் முடிவுக்கும் உள்ள தொலைவைத் தமிழில் தெளிவாக எழுதும் அறிக்கை வடிவம் தேவை. நஞ்சு, நச்சு மரபணு, ஊநீர்க்குழு, வடிவம் ஆகிய நான்கு சொற்களும் ஒன்றற்கொன்று மயங்காமல் வழங்கப்படுவது இதற்கு அடிப்படை.

11. முடிவுரை

இக்கட்டுரையின்வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

1. வாந்திபேதி என்னும் வழக்குப்பெயர் நோய்க்குறியையும், ஊநீர்க்குழு எண் கிருமியின் புறத்தோற்றத்தையும் சார்ந்தவை. நோய்க்குக் காரணமான நஞ்சை நேரடியாகச் சுட்டுவது நச்சு மரபணுவே.

2. 1992இல் சென்னையில் தோன்றிய ஓ139, பெயர் மாறி நஞ்சு மாறாத நிலைக்குச் சான்று. 1990களில் கொல்கத்தாவிலும் பின்னர் வங்கதேசத்திலும் அறியப்பட்ட எல் டார் மாற்றம், பெயர் மாறாமல் நஞ்சு மாறிய நிலைக்குச் சான்று. இரண்டையும் சேர்த்துக் காணும்போது, ஒன்றைக்கொண்டு மற்றொன்றை முடிவுசெய்தல் பொருந்தாது என்பது உறுதியாகிறது.

3. மரபணுவைக் கண்டறிதல் ஆற்றலை அறிவிக்கும். வடிவங்களை ஒப்பிடுதல் உறவை அறிவிக்கும். நஞ்சு உண்மையில் ஆக்கப்பட்டதா, கிருமி உயிருடன் உள்ளதா என்பவற்றுக்குத் தனிச்சோதனைகள் வேண்டும்.

4. பகிர்ந்துகொண்ட மாற்றமே உறவைக் காட்டும் என்பதில் மரபணு ஒப்பீடும் பாட ஒப்பீடும் ஒத்தவை. மரபணுக்கள் உயிர்விட்டு உயிர் தாவுவதால், மரபணு ஒப்பீட்டில் கலப்புப் பாடத்தின் சிக்கல் பெரிதும் மிகுதி.

5. தொலைவிலுள்ள ஊர்களுக்கு, கடத்து ஊடகமும் சரியான மாதிரித் தேர்வும் நச்சு மரபணுச் சோதனையும் தெளிந்த தமிழ் அறிக்கையும் ஒருங்கே தேவை. முதற்சிகிச்சையான உப்புச்சர்க்கரை நீர் இவற்றுள் எதற்கும் காத்திருத்தல் கூடாது.